மஞ்சள் மூடி

செவ்வாய், இரவு

விடிந்தால் கல்யாண வீட்டு வேன் வந்துவிடும். தாம்பூலப் பையில் போட முந்நூறு பாட்டில் சிறுமலை எலுமிச்சை ஊறுகாய் கேட்டிருந்தார்கள். பாட்டிலோடு வந்தது கறுப்பு மூடி. பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போயி கறுப்பா, அக்கா? மஞ்சள்ல மாத்திருங்க" என்றார். வேறு கடையில் மஞ்சள் மூடி வாங்கினேன். அளவு ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஒன்றைக்கூடத் திருகிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் அட்டைப்பெட்டியெல்லாம் எண்ணெய். எவ்வளவு இறுக்கினாலும் மூடி சும்மா சுற்றுகிறது.

"அம்புட்டும் ஒழுகுது. கறுப்பையே போட்டுருவோமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. கறுப்பு மூடி ஒன்றைத் திருகிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.