நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள், நஸீர்

என் நஸீர் மச்சானுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு எழுதுகிறேனே, பாசம் பொங்கிவிட்டதோ என்று நினைக்காதே. போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குக் குமட்டுகிறது. யாரிடம் சொன்னாலும், ஒரு பாட்டுக்கா இவ்வளவு என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்காத ஒரே ஆள் நீதான். நீயோ பழவேற்காட்டு மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை நம் கேன்டீன் பலகையில் ஒட்டப் போகிறேன். புதிதாகச் சேர்ந்த பையன்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

சாயங்கால கம்பெனி பஸ் உனக்கு நினைவிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை விட்டுக் கிளம்பினால் சினிமாப் பாட்டுதான். தச்சூர் கூட்டு ரோட்டில் பொன்னேரிக்குத் திரும்பியதும் டிரைவர் சத்தத்தைக் குறைப்பார். திங்கட்கிழமைகளில் அங்கிருந்து ஒரே ஒரு பாட்டு உன்னுடையது. ஞாயிறு முழுக்க பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனியும் வெளியிடாத, தானே பாட்டுப் போட்டுத் தானே நெட்டில் ஏற்றிவைத்த எவனோ ஒருவனைத் தேடிப் பிடித்து சிடியில் அடித்துக்கொண்டு வருவாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று முதலில் பேர், அப்புறம் ஊர், அப்புறம் வயிற்றுக்கு என்ன செய்கிறான் என்று சொல்வாய். கௌஹாத்தியில் பல் டாக்டருக்குப் படிக்கிறவன். பின்லாந்தில் தபால் போடுகிறவர். அதைச் சொல்லாமல் பாட்டைப் போடவே மாட்டாய்.

"பேரு சொல்லாம போட்டா திருட்டுச் சரக்குதான நைனா. செஞ்சவன் ஒருத்தன் அங்க உக்காந்துக்கினு கீறான்ல" என்பாய்.

பாட்டென்றா சொன்னேன்? பாதி நேரம் வாய்ப்பாட்டே இருக்காது. கம்ப்யூட்டரில் செய்த தாளமும் இழுவையும்தான். பாய், ரேடியோ ரிப்பேரா என்று கேட்பார்கள். நீ கோபித்துக்கொள்ளமாட்டாய், அடுத்த திங்கள் இன்னொன்றைக் கொண்டுவருவாய். மூன்று வருடத்தில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் ஆபரேட்டர் முனுசாமி அண்ணன்கூட, இந்த வாரம் யாருப்பா என்று கேட்கும்படி செய்துவிட்டாய்.

கடைசியாக நீ கொண்டுவந்தது கல்பனாவை. திருநின்றவூர்ப் பெண். மெட்ராஸில் ஏதோ ஆபீஸில் டைப் அடிக்கிறது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் போனில் பதிவு செய்த ரயில் சத்தத்தின் மேல் ஹம்மிங் மட்டும் செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் கோத்து ஒரு பாட்டு. அதைக் கேட்ட அன்றைக்கு நீ பிரவுசிங் சென்டரிலிருந்தே எனக்குப் போன் செய்து கேட்கவைத்தாய். நைனா, நம்ம ஜில்லாலயே ஒருத்தி கீறா, நான் இன்னாத்துக்கு பின்லாந்துல தேடிக்கினு இருந்தேன் என்றாய். அந்தப் பெண்ணுக்கு மெயில் போட்டாய். அவள் கேட்டது ஒன்றுதான்: போடும்போது என் பேரைச் சொல்வீர்களா அண்ணா. சிடியும் அடித்துவிட்டாய், திங்கட்கிழமை போடுவதாக இருந்தாய். ஞாயிற்றுக்கிழமையே உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கப்புறம் நீ பஸ் ஏறவே இல்லை.

இனி அசிங்கத்துக்கு வருகிறேன்.

நம் பஸ்ஸில் கடைசி சீட்டில் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு உட்காருவானே ஜூனியர் இன்ஜினியர் கோகுல், நீ எழுந்து நின்றாலே கண்ணை மூடிக்கொள்கிறவன், அவன் உன் நாற்பதாம் நாள் முடிந்ததும் என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. பாயோட கலெக்ஷன் வீணாகப் போகக்கூடாது தாமுண்ணா, ஒரு காப்பி போட்டுக்கொண்டு தருகிறேன் என்றான். உன் சம்சாரம் என்னை நம்பிக் கொடுத்த சிடிப் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு சிடிக்கும் பேர், ஊர், அந்தப் பாட்டில் எதைக் கவனிக்கவேண்டும் என்று நுணுக்கி நுணுக்கி எழுதிவைத்திருந்தாயே சீட்டு, அதோடு சேர்த்து. நான்தான் கொடுத்தேன். வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

பை திரும்பி வந்தபோது சிடி இருந்தது, சீட்டு இல்லை. கொஞ்ச நாளில் அவன் ஒரு வலைப்பூ ஆரம்பித்தான். புதிய சுயாதீன இசையைக் கண்டெடுத்துச் சொல்கிறானாம். உன் சீட்டுகள்தான் மச்சான், வரிக்கு வரி. எங்கேயும் உன் பேர் இல்லை. படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆண்டு விழா. அவனை மேடையேற்றி இசை ஆர்வலர் என்றார்கள். உலக இசையின் புது முகம் ஒன்றை அறிமுகப்படுத்துகிறேன், ஜெர்மனியில் ஒரு தனியறையில் பிறந்த பாட்டு என்று இங்கிலீஷில் நீட்டி முழக்கிவிட்டு சிடியைப் போட்டான். முதல் ஹம்மிங்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்பனா. திருநின்றவூர்ப் பெண்ணை ஜெர்மனிக்காரி ஆக்கிவிட்டான்.

கூட்டம் நன்றாகவே கேட்டது, அதையும் சொல்லவேண்டும். பாட்டு முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. அவனுக்குத் தெரியாதே, ஒவ்வொரு சிடியின் கடைசியிலும் உன் முத்திரை இருக்கிறதென்று. நம்ம ஊர்ச் சரக்கு என்று ஒரு அடையாளம் வேணாமா என்று ஷாப்பில் நீயே பதிவு செய்து ஒட்டுவாயே, நம் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தம். எத்தனை முறை நீ பிரித்துப் பார்த்தும் சரியாகாமல் நாலாவது அடியை மட்டும் ஒரு மூச்சு தாமதித்துப் போடுமே, அந்தத் தாளம். அது ஹாலில் கிளம்பியதும் கோகுல் கண்ணை மூடி, இது அதே கலைஞரின் இரண்டாம் பகுதி, அந்த மௌனத்தைக் கவனியுங்கள் என்றான். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குப் பின்னாலிருந்து முனுசாமி அண்ணன் குரல் வந்தது.

"டேய், இது நம்ம நாலாம் நம்பர்டா. எட்டு வருசமா அதுங்கூட குப்ப கொட்டிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

பிரஸ் ஷாப் மொத்தமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மேடையில் கை தட்டினார்கள், சால்வை போட்டார்கள். அவனும் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

சாப்பாட்டு வரிசையில் அவனைப் பிடித்தேன். சீட்டுகள் எங்கே என்றேன். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கிழித்துப் போட்டுவிட்டானாம். உன் கையெழுத்து, குப்பையில். அந்தப் பெண்ணின் பேரை ஏன் சொல்லவில்லை என்றேன்.

"திருநின்றவூருன்னு சொன்னா எவன் தாமுண்ணா கேப்பான்? ஜெர்மனின்னு சொன்னேன், எம்.டி. வரைக்கும் கை தட்டுனாரு. பாட்டு போய்ச் சேந்துச்சா இல்லியா?"

த்தூ என்று துப்பியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்னால் வரிசை நிற்கிறது என்று நகர்ந்து, பிரியாணித் தட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். லெக் பீஸ் கேட்டு வாங்கினேன். அவனை நினைத்தால் வரும் அருவருப்பு பாதிதான். மீதி அந்தத் தட்டை நினைத்து வருகிறது.

மறுநாளே போன். கல்பனா. உன் போன் கிடைக்காவிட்டால் கூப்பிடச் சொல்லி என் நம்பரை மெயிலில் கொடுத்திருந்தாயாமே? இத்தனை மாதம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். நீ இறந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"பஸ்ல போட்டீங்களாண்ணா? நஸீர் அண்ணா என் பேரு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"ஊரும்?"

"ஊரும்."

மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுண்ணா. உங்க பஸ்ல அம்பது பேருக்குத் தெரியும்ல, அது போதும்."

கோகுல் அவள் பேரை எடுத்தான். அவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நான் சொன்னேன். எங்கள் இருவரில் யார் கேவலம், நீ சொல்.

ஞாயிறு முழுக்க அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமந்தேன். திங்கட்கிழமை தச்சூர் கூட்டு ரோடு திரும்பியதும் எழுந்துவிட்டேன். நீ பிடிக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டேன். பேர் கல்பனா, ஊர் திருநின்றவூர், மெட்ராஸ் ஆபீஸில் டைப் அடிக்கிறது, வெள்ளிக்கிழமை ஜெர்மனி என்று சொன்னது பொய் என்றேன். கடைசி சீட்டில் கோகுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டிரைவர் சிடியைப் போட்டார். பாட்டு முடிந்து பிரஸ் சத்தம் வந்தபோது டிரைவர் நிறுத்தப் போனார். முனுசாமி அண்ணன் தடுத்தார்.

"இருப்பா. இதுக்கும் பேரு சொல்லு தாமு. சொல்லாம போட்டா திருட்டுச் சரக்குன்னுவானே நம்ம பாய்."

சொன்னேன் மச்சான். பேர் நஸீர். ஊர் பழவேற்காடு. மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

இதனால் நான் நல்லவனாகிவிடவில்லை. அந்தப் பெண் இன்னும் என் பொய்யை நம்பிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இருபது பாட்டு கேட்டேன், பதினெட்டு சகிக்கவில்லை. வாராவாரம் எப்படியடா சகித்துக்கொண்டாய்? மீதி இரண்டில் ஒன்றை மூன்றாம் முறை கேட்டபோதுதான் பிடித்தது. பேரும் ஊரும் எழுதிக்கொண்டேன்.

வரும் ஞாயிறு திருநின்றவூர் போகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, நீ சொல்லவில்லை, சொல்வதற்குள் போய்விட்டாய், சொன்னதாகச் சொன்னது என் பொய், அவள் பேர் பஸ்ஸில் ஒலித்தது திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிடுவேன். முகத்தில் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். திறந்தே வைத்திருந்தால் அடுத்த பாட்டைக் கேட்டு வாங்கி வருவேன். அதன் கடைசியில் நாலாம் நம்பர் பிரஸ்ஸை நானே ஒட்டுவேன். இனி எந்தத் திங்களும் உன் பேர் சொல்லாமல் இந்த பஸ் பொன்னேரி போய்ச் சேராது.

இப்படிக்கு,
லெக் பீஸ் தின்றவன்தான், ஆனாலும்
உன் மச்சான் தாமு