சந்தனம் வைத்த ஆறு தோட்டாக்கள்

செப். 12, வெள்ளி

காலையிலிருந்து மழை. லேக் மார்க்கெட்டில் வெண்டைக்காய் எல்லாம் முற்றல். காபிப்பொடி அரைக் கிலோ.

ஜெயந்திக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. என் வக்கீல் பெண்டாட்டிக்குத் துப்பாக்கி லைசென்ஸ்! பாலிகஞ்ச் வீட்டுக் கேஸை விடச் சொல்லி அந்த இடத்தில் ஃபிளாட் கட்டப் பார்க்கிற புரோமோட்டரின் ஆட்கள் இரண்டு தடவை ஜன்னலில் கல் விட்டாயிற்று. ரிவால்வர் முடிவாகிவிட்டது. முப்பத்திரண்டு காலிபர், கைப்பைக்குள் அடங்குவது. எந்தத் தோட்டா என்பதுதான் பாக்கி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அனிமேஷ்-தாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

அனிமேஷ்-தா, அதாவது அனிமேஷ் அண்ணா: அவள் போகும் ஷூட்டிங் கிளப்பின் கோச். வயசு ஐம்பத்தைந்து. தலை கொள்ளாமல் முடி. சாயம்தான், சத்தியம் பண்ணுவேன்.

செப். 13, சனி

டல்ஹௌசிப் பக்கம் துப்பாக்கிக் கடை. கண்ணாடி மேஜைமேல் இரண்டு பெட்டி. ஒன்றில் உருண்டை மூக்குத் தோட்டா, மருந்து வீரியம் ஜாஸ்தி. இன்னொன்று மூக்கு தட்டையானது, மெதுவானது. ஒரு வாரம் போனில் படித்து முழு ஒரு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். உருண்டைதான், பட்டால் எவனும் திரும்பி எழக்கூடாது என்றேன்.

அனிமேஷ் என் குறிப்பைப் பார்க்கக்கூட இல்லை. ஜெ.யின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "ஜோர் தியே கீ ஹோபே? லாக்தே ஹோபே தோ." வேகம் இருந்து என்ன பிரயோஜனம், பட வேண்டாமா என்கிறான். வீரியம் கூடினால் அவள் கை எகிறுமாம், இரண்டாவது குண்டு கூரைக்குப் போகுமாம்.

"அப்ப தட்டைதான்" என்றாள் ஜெ. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைக்காரர் ரிவால்வரோடு ஒரு பெட்டியை அவள் லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்து கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கைக்கு வளையல் வாங்குகிறவன் நான். இரண்டு-நாலு அளவு. அவனுக்குத் தெரியுமா?

இன்னொன்று. கிளப்பில் எல்லோரும் அவளை "பௌதி" என்கிறார்கள். அண்ணி. முறை அதுதான். இவன் மட்டும் ஜெயந்தி. வெறும் ஜெயந்தி.

செப். 17, புதன்

விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர்க்காரர்களின் ஆயுத பூஜை. வானமெல்லாம் பட்டம். கிளப்பில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து மாலை போட்டார்களாம். ஜெ. மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். அது நான் எடுத்துக் கொடுத்தது. என்னோடு கடைசியாக அதை எப்போது கட்டினாள், ஞாபகமில்லை.

குரூப்பில் போட்டோ. அவள் பக்கத்தில் அவன். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தடவை.

வயிறு எரிகிறது. எழுதியே விடுகிறேன். எரிகிறது.

அக். 1, புதன்

நவமி. தெருவெல்லாம் தாக் மேளச் சத்தம், வீட்டுக்குள் பேசுவது காதில் விழவில்லை. நமக்கு ஆயுத பூஜை. ஜெ. பக்கத்து ஃபிளாட் பெண்களோடு துர்கா பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டாள்.

பூஜைக்கு வைத்தவை: கத்தரிக்கோல், மிக்ஸி, லேப்டாப், கார் சாவி, அவள் சட்டப் புத்தகம் நாலு. அப்புறம் யோசனை வந்தது. அவன் மாலை போட்டால் நான் சும்மா இருப்பதா? ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து, ரிவால்வர் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். லைசென்ஸ் என் பேரில் இல்லை, தொடக்கூடாது. தெரியும்.

அவர்கள் வெறும் துப்பாக்கிக்குத்தான் மாலை போட்டார்கள். நான் உள்ளே போட்டிருந்த ஆறு தோட்டாவையும் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் குழைத்த சந்தனம், குங்குமம். கற்பூரம். இவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். மனசார.

பிறகு ஈரத் துணியால் துடைத்தேன். அடியில் நடுவட்டத்தைச் சுற்றிய இடுக்கில் ஒட்டிய சந்தனம் மட்டும் போகவில்லை. தையல் மிஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டு ஊறவைத்து ஊசியால் எடுத்தேன். பளபளவென்று ஆயிற்று. இருந்தபடியே திரும்பப் போட்டு வைத்தேன். அவளுக்குத் தெரியாது.

சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

அக். 8, புதன்

சாயங்காலம் ஜெ. கட்சிக்காரர் வீட்டிலிருந்து வரும்போது சந்தில் பைக்கை குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பேர். "கேஸ்டா சேடே தின், மேடம்." கேஸை விட்டுடுங்க என்று. பின்னால் இருந்தவன் இறங்கியும் விட்டான். இவள் கை பைக்குள் போய்விட்டது, விரல் விசையில். புச்கா, நம் பானிபூரி, விற்கிறவர் கத்திக்கொண்டு ஓடி வர, போய்விட்டார்கள்.

முதல் போன் அனிமேஷுக்கு! எனக்கு இரண்டாவது. முதல் போன் யாருக்கு, ஏன் என்று இந்த நேரத்திலும் கேட்டேன், வெட்கம் கெட்டவன்.

"கை நடுக்கம் நிக்கல, என்ன பண்றதுன்னு கேட்டேன். உங்களைக் கூப்பிட்டிருந்தா நீங்க என்னைவிட நடுங்கியிருப்பீங்க."

உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

அக். 12, ஞாயிறு

கிளப். நானும் போனேன், அவள் வேண்டாம் என்றும். பையில் இருக்கும் பழைய ஆறைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடு என்று அனிமேஷ் சொன்னானாம். அன்று சந்தில் இருந்த அதே ஆறு.

அழுத்தினாள். டக். மறுபடி. டக். மூன்றாவது வெடித்தது. நாலாவது டக்.

அனிமேஷ் துப்பாக்கி முனையைக் கீழே திருப்பி, கொஞ்ச நேரம் காத்திருந்து, வெடிக்காத மூன்றையும் வெளியே எடுத்தான். விரலால் தடவிப் பார்த்தான். முகர்ந்தான். முகம் மாறிவிட்டது. எண்ணெய். அடியில் எண்ணெய் இறங்கினால் உள்ளே பொறி மருந்து செத்துப்போகும் என்றான். இடுக்கில் சிவப்பாக என்ன என்றான். யார் தொட்டது?

ஜெ. என்னைப் பார்த்தாள். குங்குமம் என்று அவளுக்கா தெரியாது?

"நான்தான். எங்க வீட்டு பூஜைக்கு வெச்சேன்" என்றாள், பெங்காலியில். அவன் அவளைத் திட்டினான். சின்னப் பெண்ணைத் திட்டுகிற மாதிரி, எல்லார் எதிரிலும். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குத் தொட்டீங்க?"

"அவன் உன்னை பௌதின்னு கூப்பிட மாட்டேங்கறான்."

எப்படி வந்தது அது வாயில்! சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் சட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முதல் ரெண்டும் டக். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அன்னிக்கு சந்துல பைக்லேர்ந்து இறங்கினவன் எனக்கு எவ்வளவு கிட்ட இருந்தான் தெரியுமா?"

தெரியாது. நான் அதைக் கேட்கவே இல்லை. முதல் போன் யாருக்கு என்றுதான் கேட்டேன்.

அலமாரிச் சாவி வழக்கமான ஆணியில் இல்லை.