ஏழாம் பாகத்தை ஒற்றைக் கையால் ஜெயித்தோம்

என் தங்கமான அம்மாவுக்கு,

ஏழாம் பாகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் "எப்பம்டி வரும்?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அந்த டிராகன் கேமின் ஏழாம் பாகம். நீ போய் நான்கு மாதம் கழித்து வந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நம் மலையூர் வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில் காய் தரம் பிரித்தவள் நீ. மழையில் வழுக்கி விழுந்து இடது கை முறிந்து, விரல்கள் மடங்காமலே நின்றுபோனதால் வீட்டோடு ஆனாய். ஆன்டனி அண்ணன் கொச்சிக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் பெட்டியை ஒருநாள் நீயாகவே போட்டுப் பார்த்தாய். நான் ஆங்கில வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, மூன்றிலிருந்து ஆறு வரை நான்கு பாகங்களை முடித்தாய். கன்ட்ரோலரை மடியில் வைத்து, வலது கை ஒன்றாலேயே.

அந்தச் சண்டைகளில் அவசரம் கிடையாது. எதிரி ஒரு அடி அடித்துவிட்டு நிற்பான். நாம் யோசித்து நம் அடியை அடிக்கலாம். "மொறையான சண்டைடி. என் கைக்குன்னே செஞ்சிருக்கான்" என்பாய்.

அம்மா, ஏழாம் பாகத்தில் அதைத்தான் எடுத்துவிட்டார்கள். இப்போது யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஓட வேண்டும், குனிய வேண்டும், அடிக்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். இன்டர்நெட் முழுக்கச் சண்டை. பழைய ஆட்கள் பாதிப்பேர் "கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் "இதுதான் இருப்பதிலேயே சிறந்தது" என்கிறார்கள்.

அண்ணன் போனில் கொதித்தான். "ஸ்டெல்லா, அத வாங்காத. அம்மா இருந்திருந்தா இதுல முதல் பாலத்தக்கூடத் தாண்டியிருக்க முடியாது. அம்மா மாதிரி ஆளுங்கள வெளிய தள்ளிட்டானுங்க."

வாங்கிவிட்டேன். கோபித்துக்கொள்வாயா? எனக்குப் பிடித்தும் இருந்தது. அதில் மலை மேலே மேகம் இறங்கும்போது நம் மேட்டில் நிற்பதுபோலவே இருந்தது. நாட்டை இழந்த கிழட்டு ராணியின் கதையில் அழுதேவிட்டேன். ஆனால் பச்சிலை பறித்து வா, மறுபடி பறித்து வா என்று ஊருக்கு ஊர் ஒரே வேலை. முன்பு தீ மூட்டி உட்கார்ந்து வம்பளக்கும் கூட்டாளிகள் இப்போது இரண்டு வார்த்தையோடு எழுந்து போகிறார்கள். நீ இருந்தால் அதற்கே திட்டியிருப்பாய்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அண்ணன் சொன்ன அந்த ஒன்றைத்தான் விட முடியவில்லை. உனக்கு நிஜமாகவே இதில் இடமில்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், இடது கையை உன் சால்வையால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். முதல் பாலத்தில் பதினோரு தடவை செத்தேன். அண்ணன் சொன்னது சரிதான் என்று கட்டை அவிழ்க்கப் போனேன். கடைசியாக ஒருமுறை செட்டிங்ஸைத் தோண்டிப் பார்த்தபோது அது கண்ணில் பட்டது. யாரும் பார்க்காத மூலையில் வைத்திருந்தார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் சண்டை அப்படியே உறைந்து நிற்கும். நமக்குப் பதிலாக ஓடவும் குனியவும் கூட்டாளியிடம் சொல்லிவிடலாம். யோசித்து அடிக்கலாம் அம்மா. பன்னிரண்டாவது தடவை பாலத்தைத் தாண்டினேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம், மாலை மாலை அந்த ஒற்றைக் கைதான். நீ போனதிலிருந்து டி.வி. இருக்கும் அறைக்கே வராத அப்பா, ஒருநாள் வாசற்படியில் வந்து நின்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். கம்பம் ஊரிலிருந்து வண்டன்மேட்டுக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறவர் இல்லையா, அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

கடைசிச் சண்டை ஒரு மலைப்பாம்பு ராட்சசியோடு. நான்கு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, அது வாலச் சுத்துறதுக்கு முன்னாடி தலையச் சாய்க்குது பாரு. எதுக்க லாரி வாரான்னா முந்தியே ஒதுங்கணும்ல? அப்பமே நிறுத்து!"

அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். "நான் அதப் பாக்க மாட்டேன்" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. தலை சாய்ந்தது. நிறுத்தினேன். யோசித்தேன். கூட்டாளியை ஒதுங்கச் சொன்னேன். வால் காற்றைத்தான் அடித்தது.

"இப்பம் அடி!" அப்பா எழுந்தே விட்டார்.

அடித்தேன். மலையே சரிவதுபோல அவள் விழுந்தாள். அப்பா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு லீலா சேச்சி "அய்யோ, எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி ஓடிவந்தார். "சேச்சி, நாங்க ஜெயிச்சுட்டோம்!" என்றார் அப்பா. என்ன ஜெயித்தோம் என்று புரியாமலேயே சேச்சி கை தட்டினார். போனில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒத்தக் கையாலயா?" என்றான். "அம்மா கையால" என்றேன்.

அந்த ஒற்றைக் கை வழியைத் தமிழிலேயே எழுதி, எந்தப் பட்டன் எங்கே என்று படம் போட்டு, இன்டர்நெட்டில் போட்டேன். குறைகளையும் விடவில்லை. இப்படிப்பட்ட வழியை ஏன் மூலையில் ஒளித்துவைத்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பதில் எழுதினார்: "ஏனுங்க, நானும் பாலத்தத் தாண்டிட்டனுங்க." அப்பா அதை என்னை மூன்று தடவை படிக்க வைத்தார்.

அண்ணன் இன்னும் பழைய சண்டைமுறைதான் நல்லது என்கிறான். பாதி நானும் ஒத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேரில் அடித்துக்கொள்வோம். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. எத்தனை பாகம் வந்தாலும், முதலில் உன் கையால்தான் ஆடிப் பார்ப்பேன். வழி இருந்தால் ஊருக்கெல்லாம் காட்டுவேன். இல்லையென்றால், வழி வைக்கும்வரை கேம் செய்தவர்களை விடமாட்டேன்.

உன் வலது கையாக இருக்கும்,
உன் மகள்
ஸ்டெல்லா