டாக்டர் வச்சிருந்த வண்டி

மார்ச் 5, புதன்

கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதினால் ஒன்று கிடக்க ஒன்றை எழுதிவிடுவேன். ஆகவே எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இந்த வயதில் எனக்குக் கார் எதற்கு.
2. தரகர் சொன்ன பொய்.
3. அந்தப் பொய்யை நான் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்காதது.
4. என் மைத்துனர் இதில் கமிஷன் வாங்கியது.
5. இனி என்ன செய்வது. (தெரியவில்லை. இடம் மட்டும் விட்டு வைக்கிறேன்.)

முதலாவது. டிசம்பரில் என் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒளித்துப் பேசவில்லை. "மூணு மாசம்தான் கணக்கு. வாரத்துக்கு மூணு நாள், விடாம வந்தா நடப்பாங்க. விட்டுட்டா சக்கர நாற்காலிதான், பிறகு என்னைக் கேட்காதீங்க."

பேருந்தின் படி இவள் முழங்கால் உயரம். வாடகைக் கார்களுக்கோ பொறுமை இல்லை. போன மாதம் ஒருவன், இவளுடைய ஒரு கால் உள்ளே, ஒரு கால் தரையில் இருக்கும்போதே வண்டியை நகர்த்தினான். கதவைப் பிடித்துத் தொங்கினாள். அன்றுதான் முடிவு செய்தேன். அலுவலக வேனைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் நான். உரிமம் இன்னும் செல்லும். கையில் இருந்த தொகைக்குள் பத்தொன்பது வயதான ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார், மைத்துனர் காட்டிய இடத்தில், சனிக்கிழமை வாங்கினேன்.

இன்று, ஐந்தாம் நாள், நான்கு சாலைகள் கூடும் சிக்னலில் நின்றுவிட்டது. பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவன் கண்ணாடியைத் தட்டி, "தாத்தா, சாவி குடுத்து ஓட்டுற வண்டியா?" என்றான். இவள் நடைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ இரண்டு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பயிற்சி நேரம் போய்விட்டது.

"ஒரு நாள்தானே" என்றாள்.

ஒரு நாள் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவதும் மூன்றாவதும்.

அந்த இடத்தில் மூன்று வண்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முந்தைய சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். மூன்றுமே டாக்டர் வைத்திருந்தவை. அவர்களெல்லாம் இப்போது நோயாளி வீட்டுக்கு நடந்தே போகிறார்கள் போலிருக்கிறது.

"டாக்டர் வச்சிருந்த வண்டி பெரியவரே. வீட்ல இருந்து கிளினிக், கிளினிக்ல இருந்து வீடு. நாப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார் தரகர்.

நான் குடிநீர்த் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். முதலில் மீட்டர் படிப்பவனாக, பிறகு மீட்டர் திருட்டைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளனாக. திறந்து எண்ணைத் திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டரைக் கழற்றித் திருப்பி மாட்டி, தண்ணீர் ஓட ஓட எண்ணைக் குறைய வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் திருகிய எண் சக்கரம் மற்றவற்றோடு ஒரே கோட்டில் நிற்காது. ஒரு மயிரிழை இறங்கி நிற்கும். அது தெரியாவிட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

அந்த வண்டியில் 4 என்ற எண் இறங்கி நின்றது.

பார்த்தேன். உடனே பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தேன். இறங்கித்தான் நின்றது. வாயைத் திறக்கவில்லை. மைத்துனர் என் தோளில் கை போட்டு, "அத்தான், இதைவிட நல்ல வண்டி இந்த விலைக்குக் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தரகர் அதற்குள் டீ வரவழைத்துவிட்டார். ஒருவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டே அவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை நான் தவறாகப் பார்த்திருந்தால்? வயதான கண். வண்டி மீட்டர் வேறு, தண்ணீர் மீட்டர் வேறு.

இல்லை. தவறாகப் பார்க்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அரை டம்ளர் டீக்கு இவள் காலை விற்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று வாடகைக் கார்கள் நிற்காமல் போயின. நாலாவது நின்றது. கால் மணி தாமதம். பாதிப் பயிற்சி.

மார்ச் 8, சனி

தெருமுனை மெக்கானிக்கைப் பகுதி முழுக்கச் சிடுமூஞ்சி என்றே அழைக்கிறது. அந்தப் பெயருக்குப் பயந்துதான் வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டவில்லை. இதையும் மூன்றாவதில் சேர்க்க வேண்டும்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாரு சார் தலையில கட்டினது?"

"டாக்டர் வைத்திருந்த வண்டி என்றார்கள்."

"எந்த டாக்டரு? மாட்டு டாக்டரா? ஊரு ஊராப் போய்ப் பிரசவம் பாத்திருக்கும் போல."

குனிந்து கிளட்ச் மிதியின் ரப்பரை உரித்துக் காட்டினார். ரப்பர் புத்தம் புதிது. அடியில் இரும்பு, பழைய நாணயம்போல் தேய்ந்து வழவழவென்றிருந்தது. "நாப்பத்தெட்டை மூணால பெருக்கிப் படிங்க. கிளட்ச் முடிஞ்சுபோச்சு. பெட்ரோல் பம்ப் உயிரை விடப்போகுது. பாடி மட்டும் நல்லா இருக்கு. பாக்க அழகா இருக்கிறதைத்தானே சார் நாம வாங்குவோம்."

எனக்கு முன்பே தெரிந்ததைத்தான் அவர் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

நான்காவது.

வாங்கிய அன்று காகிதங்களில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, அலுவலகக் கண்ணாடி வழியே பார்த்தேன். பின்பக்கம் மைத்துனரும் தரகரும் நின்றிருந்தார்கள். இருவர் கையும் ஒரு பழுப்புக் கவரின் மேல் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் மைத்துனர் வெடுக்கென்று திரும்பினார். கவர் மறைந்துவிட்டது. கேட்க வேண்டியதே இல்லை. எங்கு போனாலும் நாலு பேரைத் தெரியும் என்று சொல்லும் மனிதர். அந்த நாலு பேரில் ஒருவர்தான் இந்தத் தரகர்.

இன்று மாலை அக்காவைப் பார்க்க வந்தார். வழக்கம்போல் வாசலிலிருந்தே ஆரம்பித்தார். "என்னக்கா, மகாராணி மாதிரி கார்ல போறியாமே! நமக்கெல்லாம் ஒரு சவாரி உண்டா?"

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் மேலதிகாரியிடம் குரல் உயர்த்தாதவன். பால்காரன் தண்ணீர் கலந்தபோதுகூட "இன்று கொஞ்சம் லேசாக இருக்கிறதோ" என்று கேட்டவன். எழுந்து நின்று சொன்னேன்: "உனக்கு எவ்வளவு கிடைச்சுது? அதை மட்டும் சொல்லு. சொந்த அக்கா கால்ல எவ்வளவு அடிச்ச?"

இவள் சமையலறையிலிருந்து, "என்ன சத்தம் அங்க?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அக்கா இருந்த பக்கம் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் பேசாமல் போய் நான் பார்த்ததே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு.

கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட நினைத்தேன். எங்கள் துறையில் எழுதிய எண்ணை அடித்து மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பக்கத்தில் எழுத வேறொன்றும் என்னிடம் இல்லை. இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

காலையில் பயிற்சிக்கு வாடகைக் கார். மதியம் தனியாகத் தரகரிடம் போனேன். சொல்ல வேண்டியவற்றை ஐந்து வாக்கியங்களாகச் சட்டைப் பையில் எழுதி வைத்திருந்தேன்.

"வாங்க பெரியவரே, வண்டி பறக்குதா?"

முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதில் குறுக்கே வந்தார். "வண்டியை நாம ஓட்டுற விதம்னு ஒண்ணு இருக்கில்ல? வயசாயிட்டா கால் கிளட்ச்மேலயே இருக்கும். உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொன்னாராம்! நான் என்ன சொன்னேன்? "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றேன். நான்! அவனிடம்!

பேருந்தில் திரும்பும்போது மீதி மூன்று வாக்கியங்களும் சட்டைப் பையிலேயே இருந்தன.

மார்ச் 11, செவ்வாய்

பல் தேய்க்கும்போது சரியான பதில் தோன்றியது. ஒரு நாள் தாமதம்.

மார்ச் 13, வியாழன்

"நானும் வரேன்" என்றாள் இவள்.

"நீ எதுக்கு?"

"எனக்குன்னு வாங்கின வண்டிதானே? நான் வந்து பேசறேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டுங்க, அது போதும்."

சிடுமூஞ்சி எதையோ முறுக்கிக் கிளப்பிக் கொடுத்தார். "அந்தாள் இடம் வரைக்கும் போகும். திரும்பி வரும்னு நான் சொல்லல."

சொன்னபடியே போயிற்று. தரகரின் இரும்புக் கதவுக்குள் பாதி நுழைந்ததும் ஒரு குலுக்கல். நின்றது. முன்பாதி உள்ளே, பின்பாதி தெருவில். ஆளே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.

தரகர் ஓடி வந்தார். "வண்டியைத் தள்ளுங்க பெரியவரே, கஸ்டமர் வர்ற வழி!"

"கிளட்ச் பிடிக்கலை" என்றேன்.

"அம்மா, நீங்க இறங்குங்க, பசங்களை விட்டுத் தள்ளிடலாம்."

"என்னால இறங்க முடியாதுப்பா" என்றாள் இவள். "இறங்க முடிஞ்சா நான் ஏன் கார் வாங்கறேன்? நீ ஒண்ணு பண்ணு. அந்த டாக்டரைக் கூப்பிடு. வண்டியை வச்சிருந்தவரை. வந்து என் காலையும் பாத்துட்டுப் போகட்டும்."

வெளியே ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். உள்ளே ஒரு சிவப்பு வண்டிக்குப் பேசி முடித்து, பணம் கட்ட வந்தவர்களாம். "என்ன சார் பிரச்சினை?" என்று அந்தக் கணவர் கேட்டார். கேட்டதால் சொன்னேன். கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லியே பழக்கம். எண் சக்கரம் எப்படி இருக்க வேண்டும், திருகினால் எப்படி நிற்கும், மிதியின் ரப்பரை ஏன் உரித்துப் பார்க்க வேண்டும்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுப்பதுபோல், குரலைக்கூட உயர்த்தாமல். அவர் இடுக்கில் நுழைந்து சிவப்பு வண்டியிடம் போனார். அங்கிருந்தே கத்தினார்: "சார்! மூணாவது நம்பர் இறங்கியிருக்கு சார்!"

அதுவும் டாக்டர் வண்டிதான் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னாள்.

தரகரின் கழுத்து வேர்த்தது. "உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம், டீ சொல்றேன்."

"டீ வேண்டாம்" என்றேன். இந்த இரண்டு சொற்களை என் வாழ்நாளில் இவ்வளவு ருசித்துச் சொன்னதில்லை. "பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"எந்தப் பணம்? நீங்க குடுத்ததா? இல்ல, உங்க பணம் பத்தலைன்னு உங்க மச்சான் பின்னால வந்து கவர்ல குடுத்தாரே, அதையும் சேர்த்தா? வண்டி விலையை உங்ககிட்ட குறைச்சுச் சொல்லச் சொன்னதே அவர்தான். அத்தானுக்குத் தெரிஞ்சா வாங்க மாட்டார்னு கால்ல விழாத குறை. மொத்தத்துக்கும் இப்ப நான் எங்க போவேன்?"

இவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

பிறகு நடந்ததை முழுதாகக் கேட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. இவள்தான் பேசி முடித்தாள். கிளட்சும் பம்பும் தரகர் செலவில் புதிதாகப் போட வேண்டும், நாங்கள் சொல்லும் மெக்கானிக்கிடம். எழுதி வாங்கினாள். நான் தலையாட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை என் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

அதன் பிறகு இவள் என்னிடம் பேசவில்லை. பயிற்சிக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை. கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் நிற்க இடம் இல்லாமல் என்னைச் சுற்றியே வருகிறது. தரகரிடம் காட்டியிருக்க வேண்டியதை யாரிடம் காட்டினேன்! எழுபத்திரண்டு வருடத்தில் ஒரு முறை குரல் உயர்த்தினேன். அதுவும் ஆள் மாறிப் போயிற்று.

மைத்துனர் மீதும் கோபம்தான். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? சொன்னால் நான் கவரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். காரும் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே சொல்லவில்லை. அக்கா காதில் விழக்கூடாது என்றுதான் அன்றும் பேசாமல் போனார். சரி. ஆனால் தம் காசைப் போட்டு இந்த ஓட்டை வண்டியையா வாங்கித் தர வேண்டும்?

மார்ச் 20, வியாழன்

வண்டி வந்துவிட்டது. சிடுமூஞ்சி ஓட்டிக் காட்டினார். சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தப் பொய் எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். பழுதான மீட்டருக்கு எங்கள் பதிவேட்டில் எழுதுவதையே எழுதினேன்: "படிக்க இயலவில்லை."

மார்ச் 23, ஞாயிறு

மைத்துனர் வீட்டுக்குப் போனேன். மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. கதவைத் திறந்தார். நின்றபடியே முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா அத்தான்?"

"ஆமாம்."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"இரண்டு."

"சொல்லுங்க, கேப்போம். எனக்கு வேற வேலை இல்ல."

சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கமிஷன் அடிக்கிற ஆளா இருந்தா இதைவிட நல்ல வண்டியாப் பாத்திருப்பேன் அத்தான். அதுல கமிஷனும் ஜாஸ்தி" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

இவள் இன்று கம்பியைப் பிடிக்காமல் ஏழு அடி நடந்தாள். எட்டாவதுக்குக் காலைத் தூக்கிவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டாள். திரும்பும்போது பின்னிருக்கையில் மைத்துனர். வழி நெடுகப் பேச்சு. எந்த கியரில் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மார்ச் 5-ஐ எடுத்து முதலிலிருந்து படித்தேன். நான்காவதன் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறது. முடிய வேண்டும். பக்கத்தில் எழுதியது:

"தவறு. கவர் மைத்துனர் கையிலிருந்து தரகர் கைக்குப் போனது. மீட்டரைத் திருப்பி மாட்டிப் படித்தவன் நான்."

சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட்டேன்.