பத்துப் பேருக்கு முன்னால்

ஜூன் 3, செவ்வாய்

இந்த ஆறு வாரத்துக்கான என் குறிப்புகள்:

1. தலைமை தாங்குபவனுக்குக் குரல் வேண்டும். தினமும் கால் மணி நேரம் பயிற்சி.
2. வரைபடம், திசைகாட்டி பற்றிப் பயமில்லை. கணக்குதானே.
3. தன் தவறு பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மதிப்புப் போய்விடும்.

கல்லூரியின் ராணுவ அதிகாரிப் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பாசிரியர் வேண்டும். அவரும் மாணவர்களோடு சேர்ந்து தலைமைப் பயிற்சியில் தேற வேண்டும் என்பது விதி. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர்கள் மூட்டுவலி, முதுகுவலி என்று நழுவினார்கள். ஓய்வுக்குப் பிறகு மறுநியமனத்தில் இருக்கும் எனக்குத்தான் மறுக்க வாய் வரவில்லை. நான் தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். அதிலுள்ள பத்து மாணவர்களின் இரண்டு வருட உழைப்பு வீண். இது அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் முதல்வர்.

மனைவி சொன்னாள்: “பூனையக் கூட நீங்க ‘போ’ன்னு சொன்னதில்ல. ‘கொஞ்சம் நகர்றியா’ன்னு கேப்பீங்க.”

ஜூன் 4

குளியலறையில் குரல் பயிற்சி. பக்கத்து வீட்டுக்காரர் பதறி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

ஜூன் 10

அணிவகுப்பு. பத்துப் பேரை நடத்திக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ‘நில்’ என்பதைச் சரியான காலடியில் சொல்ல வேண்டுமாம். இந்தக் காலா, அடுத்த காலா என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆணை வராமல் அவர்கள் நிற்கமாட்டார்கள். முன்வரிசை வேலிச்செடிக்குள் புகுந்து, அங்கேயே கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பயிற்சி தரும் சார்ஜென்ட் என் மருமகனைவிட இளையவர். அருகில் வந்து மெல்லச் சொன்னார்: “தப்பான கால்ல சொல்லியிருந்தாலும் நின்னிருப்பாங்க சார். சொல்லவே இல்லன்னா எப்படி?”

ஜூன் 19

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்கார. இன்று இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டேன். ஏன்?

ஜூலை 1

இறுதித் தேர்வு: எட்டு கிலோமீட்டர் காட்டுவழி நடை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஐம்பது மதிப்பெண். மீதி ஐம்பது பின்னால் வந்தவர்கள் கையில். ‘இவர் பின்னால் இன்னொரு முறை போவாயா?’ என்று பெயரில்லாத சீட்டு, ஒவ்வொரு ‘போவேன்’ சீட்டுக்கும் ஐந்து மதிப்பெண். தேற நாற்பது வேண்டும்.

நேரத்தை மட்டும் நம்புகிறேன். சீட்டில் எனக்கு யார் எழுதுவார்கள்?

ஜூலை 12, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வரைபடத்தின் வடக்கும் திசைகாட்டி முள்ளின் வடக்கும் ஒன்றல்ல. ஏழு பாகை வித்தியாசம். கழிக்க வேண்டும். நான் கூட்டிவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தியவன்!

பாலம் வரவேண்டிய இடத்தில் முள்காடு. அப்போதே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கொஞ்சங்கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு கல்குவாரியின் விளிம்பு. கீழே மண் சறுக்குகிறது. முன்னால் போன நெட்டைப் பையன், ‘ஒட்டடைக்குச்சி’ என்பார்கள், விளிம்பில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“இறங்கலாமா சார்?”

ஆமாம் என்றால் இறங்கிவிடுவான். ஐயோ, இறங்கிடுவானே!

“வேண்டாம்பா. வழி தப்பு. நான்தான் கணக்கத் தப்பாப் போட்டேன். அரை மணி நேரமா தெரிஞ்சும் சொல்லல.”

கடைசியில் நின்ற பெண், கொப்புளம் கண்ட காலைப் பார்த்தபடி கேட்டாள்: “அரை மணி நேரமாவா சார்?”

தைரியத்தால் ஒன்றும் நான் சொல்லவில்லை. பயத்தால் சொன்னேன்.

ஒட்டடைக்குச்சி வரைபடத்தை விரித்தான். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அந்த ஏழு பாகையைக் கழித்தேன். அவன் சரிபார்த்தான். முக்கால் மணி நேரத் தாமதம். நேரத்துக்கான ஐம்பதும் போயிற்று.

ஜூலை 13

முதல்வரிடம் எப்படிச் சொல்வது? அவர்களிடம்?

ஜூலை 14, திங்கள்

சார்ஜென்ட் சீட்டுகளைப் பிரித்து வாசித்தார். ‘போவேன்’ எட்டு. ‘மாட்டேன்’ இரண்டு. ஒன்றில், ‘சார் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லை.’ இன்னொன்றில், ‘அரை மணி நேரம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தது. அது நியாயம்.

“நாற்பது. சரியா நாற்பது,” என்றார் சார்ஜென்ட். “நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க சார். பசங்கள நீங்கதான் நடத்தணும்.”

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாவது குறிப்பு தவறு. அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. இருக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.