இலுப்பை நெய்யும் ஒரு நேர்த்தியும்

அடம்பன் வீதி,
மன்னார்.
2014 தை.

வணக்கத்துக்குரிய கொன்ஸ்ரன்ரைன் அடிகளாருக்கு,

மடு மாதாவின் காவல் அந்தக் குளிர் தேசத்திலும் உங்களுக்கு இருக்கட்டும். ஜேர்மனியில் பனி முழங்கால் வரை கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் விடியற்காலையில் கடற்காற்று எலும்புக்குள் போகிறது. மீள்குடியேற்றத்தில் தந்த வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கதவுக்கு இன்னும் சாக்குத்தான். எனக்கு வரவேண்டிய அதிபர் பதவி, நாங்கள் பங்கருக்குள் கிடந்த காலத்தில் கொழும்பில் இருந்து சேவைக்காலம் சேர்த்த ஒருவருக்குப் போய்விட்டது. அவர் என்னைக் கண்டால் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை. மறக்கிற சாதி நான் அல்ல என்பது ஒரே வாங்கில் இருந்து படித்த உங்களுக்குத் தெரியும்.

உங்களையும் மறக்கவில்லை. நீங்கள் இங்கே பங்குத்தந்தையாக இருந்த கடைசி வருடம், மரித்தோர் நாள் பூசையில், இறந்தவர்களின் பெயர்களோடு எங்கள் மகன் ஜெராட்டின் பெயரையும் வாசித்தீர்கள். பெற்றவர்களின் மனம் ஆறட்டும் என்றுதான் வாசித்தேன் என்று பிறகு சொன்னீர்கள். கடைசிச் சண்டையில், ஓடிய சனத்துக்குள் தாயின் கையிலிருந்து நழுவிப்போனவன் அவன். அவனைப் பிணமாகக் கண்டேன் என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. நீங்கள் மட்டும் சொன்னீர்கள், அதுவும் பலிபீடத்தில் நின்று.

அதற்கு அடுத்த கிழமைதான் அவனைப் பெற்ற என் மனிசி அகஸ்ரினா மடுவுக்கு நடந்துபோய் அந்த நேர்த்தியை வைத்தாள். பிள்ளை வரும்வரை, வாயில்லாச் சீவன் ஒன்றிடம் இருந்து எடுத்த எதுவும் தன் வாய்க்குள் போகாது, உடம்பிலும் படாது என்று. மீன் வாசத்தில் முழிக்கிற ஊரில் மீன் தொடாத மனிசி. பாலில்லாத வெறும் தேநீர், சோறு, முருங்கையிலை. அதை நான் பொறுத்துக்கொண்டேன். அவளுடைய தோல்தான் பொறுக்கவில்லை.

முகாமில் பிடித்த தோல் வருத்தம் அவளுடைய உள்ளங்கையையும் பாதத்தையும் கோடையில் வெடித்த குளம் போல ஆக்கியிருந்தது. செபமாலை உருட்டினால் மணியில் இரத்தம் ஒட்டும். அதனால் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு செபம் சொல்வாள். ஆஸ்பத்திரியில் தந்த களிம்பு நல்ல களிம்புதான். ஆனால் அதில் செம்மறி ஆட்டு மயிரில் இருந்து எடுக்கிற கொழுப்பு இருக்கிறது என்று அறிந்ததும் மூடியைத் திருகி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். கடையில் வேறொன்று வாங்கி வந்தேன். அது தேன்மெழுகு. “தேனீயிட்டக் கேட்டா எடுத்தவங்கள்?” என்றாள். கோவில் மெழுகுதிரியையும் அப்படித்தான் செய்கிறவர்கள் என்று நான் கத்தினேன். “அது மாதாவுக்கு. இது எனக்கு” என்றாள்.

அந்தக் கோபத்தில்தான் போன தவக்காலத்தில் உங்களுக்கு எழுதினேன். குருவானவருக்கு நேர்த்தியை மாற்றிக் கொடுக்கிற அதிகாரம் உண்டு, அதைச் செய்யுங்கள், அவளுடைய கையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டேன். நீங்களும் சம்மதித்தீர்கள். அந்த நேர்த்திக்குப் பதிலாக ஒன்பது நாள் செபமாக ஒரு நவநாளைச் சொல்லி, இந்த மாதம் அவளுக்கு நேரடியாக எழுதுவதாக, மார்கழியில் வந்த கடிதத்தில் பதில் போட்டிருந்தீர்கள். அதை நிறுத்தத்தான் இப்போது அவசரமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பர்ஸானா என்றொரு விஞ்ஞான ரீச்சர் வந்திருக்கிறா. சிலாவத்துறைக்காரி. புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, சண்டை முடிந்தபின் சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பம். ஓய்வறையில் நான் அகஸ்ரினாவைப் பற்றி அலுத்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு, “சேர், நான் பன்றிக் கொழுப்புக்குப் பயந்து பெட்டிக்குப் பின்னால வாசிக்காம ஒண்டும் பூசுறதில்ல. உங்கட மிஸிஸுக்கு எல்லா மிருகமும் பன்றிதான், அவ்வளவுதானே” என்று சொல்லிச் சிரித்தா. பிறகு, தங்கள் வீட்டில் பூசுவது இலுப்பை நெய் என்றும், அது விதையும் வெயிலும் மட்டும்தான் என்றும் சொன்னா.

இலுப்பெண்ணெய் என்றால் எனக்குச் சைவக் கோவில் விளக்குத்தான் நினைவு. “உன்னைத் திரி போட்டு ஏத்தப் போறாங்கள்” என்று அகஸ்ரினாவைச் சீண்டினேன். அவள் ஒரு ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு, “வாறீங்களா, நான் தனியப் போகவா?” என்றாள்.

ஆடி மாதம். இலுப்பைக்கடவைப் பக்கம், வெளிச்சம் வரமுதல் போய் மரங்களுக்குக் கீழே நின்றோம். மேலே பார்த்தேன், சுவாமி. கிளை முழுவதும் வவ்வால்கள். பழத்தின் சதையைச் சப்பிவிட்டு விதையை மட்டும் கீழே விட்டுக்கொண்டிருந்தன. சருகின் மேல் தூறல் போலச் சத்தம். ஷெல் அடித்து முறிந்த ஒரு கிளையும் தளிர்விட்டுக் காய்த்திருந்தது. இருபது வருடம் அந்த வீதியால் போய்வந்திருக்கிறேன், ஒரு நாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. கழுத்து நோகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? வவ்வாலின் எச்சில் பட்ட விதை உன் நேர்த்திக்குள் அடங்குமோ என்று கேட்டேன். அகஸ்ரினா குனிந்தபடியே, “அது தானா விட்டது. நான் ஆரிட்டயும் பறிக்கேல்ல” என்றாள்.

விதையைக் காயவைத்து, உடைத்து, பருப்பை மன்னார்ச் செக்கில் ஆட்டுவித்துக் கொண்டுவந்தோம். கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்த்துத் தணலில் இளக்கி, துணியில் வடித்துப் போத்தல்களில் ஊற்றினாள். வாசனை ஒன்றும் போடவில்லை. முதல் கிழமை அந்த மணத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன், பிறகு பழகிவிட்டது. குளித்து, தோலில் ஈரம் முற்றாகக் காயமுன் பூச வேண்டும். படுக்கும்போது தடிப்பாகப் பூசிப் பருத்தித் துணியால் சுற்ற வேண்டும். இவை பர்ஸானா ரீச்சர் சொன்ன முறைகள். வெடித்த கையால் தன் குதிக்காலை அவளால் தேய்க்க முடியாது. ஆகவே அது என் வேலையாயிற்று. வெளியில் சொல்லாதீர்கள், ஊர் சிரிக்கும்.

மார்கழி பிறந்து குளிர் விழுந்தபோது, ஒரு காலையில் போத்தலுக்குள் எண்ணெய் இல்லை. வெண்ணெய் போல இறுகி, இளமஞ்சளாக நின்றது. கரண்டியால் கிள்ளி அவளுடைய பாதத்தில் வைத்தேன். வைத்த இடத்திலேயே உருகியது. உருகுநிலை என்றால் என்ன என்று வருடம் வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவன் நான். அது இப்போது என் விரலுக்கும் அவள் காலுக்கும் நடுவில் நடந்தது. நெருப்பு இல்லை, வெயில் இல்லை. ஒரு மனிசியின் உடம்புச் சூடு மட்டும்தான். எத்தனையோ பேரைக் குளிர்ந்துபோய்க் கிடக்கக் கண்ட கண் இது, சுவாமி. அந்தச் சூட்டை நான் அதற்குமுன் கவனித்ததே இல்லை.

வருத்தம் முழுதாக மாறவில்லை. மழை இருட்டில் அரித்துக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் திருக்குடும்பத் திருநாளன்று அவள் கையை விரித்துக் காட்டினாள். வெடிப்பு மூடி, ரேகைகள் திரும்பி வந்திருந்தன, எழுதிவிட்டு அழிக்காமல் விட்ட எழுத்துப் போல. விரலில் துணி இல்லாமல் செபமாலை உருட்டுகிறாள். மணிகள் சுத்தமாக இருக்கின்றன.

இனித்தான் சொல்ல வந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் அவள் ஒரு போத்தலைத் தொடாமல் வைத்திருக்கிறாள். அது ஆருக்கு என்று கேட்டேன். “ஜெராட்டுக்குக் குதிக்கால் வெடிக்கிறதெல்லே. எங்கையெங்க நடந்திட்டு வரப்போறானோ” என்றாள். அந்தப் போத்தல் பகலில் இளகுகிறது, விடியலில் இறுகுகிறது. நான் தினமும் அதைப் பார்க்கிறேன்.

இவ்வளவும் நீங்கள் என்றே எழுதிக்கொண்டு வந்தேன். கோபத்தில் வைத்த மரியாதை அது. இனி முடியாது. கொன்ஸ்ரன்ரைன், நீர் அவளுக்கு எழுதவேண்டாம். அந்த நேர்த்தியை அவிழ்க்கவேண்டாம். அவளுடைய கையைக் கெடுத்தது அது என்று நினைத்தேன். அவளைப் பிடித்து நிறுத்தியிருப்பதும் அதுதான். நான் எதை நம்புகிறேன் என்று மட்டும் கேட்காதேயும்.

ஒன்று செய்யும். அங்கே பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது ஜெராட்டின் பெயரையும் வாசியும். இந்த முறை உயிரோடு இருப்பவர்களின் வரிசையில். அந்த ஊராருக்குத் தமிழ் விளங்காது, யாரும் உம்மைக் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒருமுறை வாசித்தால் போதும். இங்கே எங்களுக்குக் கேட்கும்.

எங்கள் மூவருக்கும் உமது ஆசீரை வேண்டி,

உமது வாங்குத் தோழன்,
மில்ரன்