பேச்சில்லாத அந்த ஒரு நிமிஷம்

உன் ஹெட்போன் பஞ்சில் இன்னும் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கிறது. தலையைத் துடைத்துவிட்டு மாட்டுடா என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது அந்தப் பஞ்சைத் துடைக்க எனக்குப் பயம். வாசமும் போய்விட்டால்?

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார்கள். "அவன் கொரலு எங்கனா கீதா பாரு நைனா. போன்ல எல்லாம் போட்டோவாத்தான் கீது."

"இருக்கும்மா, எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவன் நீ. நம் கல்லூரி ப்ராஜெக்டின் ஒலிப்பதிவு மொத்தமும் என்னிடம்தானே கிடக்கிறது, அதில் இல்லாமல் எங்கே போகும் என்று நினைத்தேன்.

இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களின் கதைதான் நம் ப்ராஜெக்ட். படமே வேண்டாம், இருட்டறையில் குரல் மட்டும் கேட்கட்டும் என்றது விஸ்காம் படித்த நீ. கேட்பவர் கை வைக்கும் பலகை, பிரஸ் இறங்கும்போது அதிர வேண்டும். அது எலக்ட்ரானிக்ஸ்காரனான என் வேலை. தொழிலாளர்களைப் பேசவைத்தது சமூகப்பணி படித்த நஸ்ரின். அவள் கேள்வி இருக்கிறது, என் இருமல்கூட இருக்கிறது. மைக் பிடிப்பவன் குரல் உள்ளே வரக்கூடாது என்று நீ உன்னை மட்டும் ஒவ்வொரு பதிவிலும் வெட்டி எறிந்திருக்கிறாய். வெட்டியதை எங்கேயாவது போட்டு வைத்திருக்கக் கூடாதா, மடையா?

எங்கே பதிவு செய்தாலும் கடைசியில் ஒரு நிமிஷம் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, வெறும் இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்வாய். வெட்டி ஒட்டிய இடம் தெரியாமலிருக்க அடியில் போடுவதற்கு. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. இரண்டு விரல் இல்லாத கையால் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்த அண்ணன் கிண்டலடித்தார்: "இன்னா மாமே, கம்முனு கீறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்கோ?"

எனக்கும் பொறுமை இல்லை. "ஃபேன் சத்தத்தைப் போய் எடுக்கறியே. நான் ஃபில்டர் போட்டுத் தூக்கிடுவேன்."

"எந்த இடமும் சும்மா இருக்காது மச்சான். கேளு."

கேட்டேன், இப்போது. ஃபேன் இரைச்சலுக்கு அடியில், மைக்குக்கு வெகு பக்கத்தில், மூக்கடைத்து லேசாக விசிலடிக்கும் மூச்சு. உன் சைனஸ்!

அதை மட்டும் பிரித்தெடுக்க உட்கார்ந்தேன். ஃபேனைக் குறைத்தால் நீயும் குறைகிறாய். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பின்னிக் கிடக்கின்றன. இதைத்தானே படித்தேன்? படித்து என்ன கிழித்தேன்?

அப்படியே கொண்டுபோய் உன் அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்கள். "மூக்கு அடைச்சிகினு கீது பாரு அவனுக்கு" என்று சிரித்தார்கள். நிமிஷம் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப பேசுவானா?"

வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"திருப்பிப் போடு நைனா."

பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது இப்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன். லாரி ஹாரன் உன் மூச்சை விழுங்கிவிடுகிறது. ஆனாலும் நிறுத்துவதில்லை. நிமிஷம் முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் நிற்கிறேன், உன் அம்மாவைப் போலவே.

பேசுடா.